சுந்தரமூர்த்தி சொன்ன ரூல்

கோதையின் மாவுக்கடை வாசலில் கூட்டம் நிற்பதைப் பார்த்தால் கிரிஜாவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். பார்க்காமல் போகலாம் என்றால் அதுவும் முடியாது. தேஹு ரோடு ஸ்டேஷனுக்குப் போனாலும், காய்கறிக்குப் போனாலும், ஷேர் ஆட்டோ பிடிக்கப் போனாலும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அப்படி ஓர் இடமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறாள், கெட்டிக்காரி!

யாரோ ஒருத்தி கடை வைத்தாள் என்றால் போய்த் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். கோதை யார்? எதிர் குவார்ட்டர்ஸ்காரி. கல்யாணமாகிப் புனே வந்த புதிதில், ஜனவரிக் குளிரில் மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது என்று அழாத குறையாகக் கிரிஜாவிடம் வந்து நின்றவள். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரை, உப்பைப் போட்டுக் கையாலேயே கல, பாத்திரத்தை மிலிட்டரிக் கம்பளியில் சுற்றி வெந்நீர் பாய்லர் பக்கத்தில் வை என்று சொல்லிக் கொடுத்தது கிரிஜா. கம்பளியையும் கொடுத்தனுப்பியது கிரிஜா. அதே கம்பளி இப்போது கடையில் மாவு டிரம்மைச் சுற்றிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கும்போதுதான் இவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கிரிஜா அரைக்கும் மாவுக்குக் காலனியே அடிமை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி கூட டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். ஒரு கடை போட வேண்டும் என்ற ஆசை கிரிஜாவுக்கு வெகுநாளாக உண்டு. கேட்டபோதெல்லாம் புருஷன் சுந்தரமூர்த்தி ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"ரூல்ல இடமில்ல கிரிஜா. கவர்ன்மென்ட் உத்தியோகஸ்தன் பொண்டாட்டி வியாபாரம் பண்ணினா புருஷன் வேலை போயிடும்."

அவர் ராணுவ டெப்போவில் கிளார்க். ரூல் என்று ஆரம்பித்துவிட்டால் நிறுத்த ஆளில்லை. பர்மனென்ட் ஆனவனைப் பிரம்மாவே வந்தாலும் வேலையை விட்டு எடுக்க முடியாது என்றும் அதே வாய்தான் சொல்லும். பிரம்மாவால் முடியாதது, பெண்டாட்டி தோசை மாவு விற்றால் மட்டும் எப்படி நடக்கும் என்று கிரிஜா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆபீசுக்குப் போகிற மனுஷன், அவருக்குத் தெரியாதா என்று ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

ரவிசந்திரனும் அதே டெப்போதான். அதே செக்‌ஷன், சுந்தரமூர்த்திக்கு ஜூனியர் வேறு. ஆனால் அவன் பெண்டாட்டி கோதை மட்டும் பட்டப்பகலில் போர்டு மாட்டிக் கடை நடத்துகிறாள்!

"ஏங்க, அவ மட்டும் எப்படி நடத்தறா?"

"மாட்டுவான். என்னிக்கு இருந்தாலும் ரவி மாட்டுவான். நீ பேசாம இரு." சுந்தரமூர்த்தி பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

கிரிஜா காத்திருந்தாள். மழை முடிந்தது, கணபதி வந்து போனார், தீபாவளியும் ஆயிற்று. ஒருத்தரும் மாட்டுகிற வழியாக இல்லை. கோதை இன்னொரு கிரைண்டர் வாங்கினாள். காதில் புதுத் தோடு வேறு. "அக்கா, சௌக்கியமா?" என்று அவள் கடைக்குள்ளிருந்து குரல் கொடுத்தால், தன்னைக் குத்திக் காட்டத்தான் கூப்பிடுகிறாள் என்றே கிரிஜாவுக்குப் பட்டது. தானாக மாட்டாவிட்டால் நாமே மாட்டிவிட வேண்டியதுதான் என்று சங்கராந்தி சமயத்தில் முடிவு கட்டினாள்.

டெப்போவின் அட்மின் ஆபீசர் கானிட்கர் வீட்டில் அன்று ஹல்தி குங்குமம். சங்கராந்தி வந்தால் மராத்திப் பெண்கள் அக்கம்பக்கத்துச் சுமங்கலிகளை அழைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, எள்ளுருண்டையைக் கையில் கொடுத்து, இனிமேல் இனிப்பாகப் பேசு என்பார்கள். கூட்டம் சேருமுன்பே கிரிஜா போய்விட்டாள். எள்ளுருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, தெரிந்த ஹிந்தியில் மிசஸ் கானிட்கர் காதில் விஷயத்தைப் போட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். டெப்போக்காரர் பொண்டாட்டி கடை வைக்கலாமா? ரவிசந்திரன் வீட்டுல வெச்சிருக்காங்க. நாளைக்கு சாருக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாதேன்னுதான் சொல்றேன்."

எவ்வளவு அக்கறை பாருங்கள்!

காதோடு சொன்னதை மிசஸ் கானிட்கர் காதோடு வைத்துக்கொள்ளவில்லை. "அஹோ!" என்று கணவருக்குக் குரல் கொடுத்தாள். பெண்கள் கூட்டத்துக்குப் பயந்து உள்ளே பதுங்கியிருந்த கானிட்கர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அப்படி ஒரு ரூலே இல்லையே, பாபிஜி. வீட்டுல யாராவது வியாபாரம் பண்ணினா ஆபீசுக்குத் தெரிவிக்கணும், அவ்வளவுதான். ரவிசந்திரன் கடை திறக்கறதுக்கு முன்னாடியே தெரிவிச்சுட்டார். உங்களுக்கு யார் இப்படிச் சொன்னது?"

யார் பேரைச் சொல்வாள்? எள்ளுருண்டை தொண்டையில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் கேட்கலாம் என்று திரும்பினால், வாசற்படியில் கோதை நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

கிரிஜா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்தாள். கேட்டருகே கோதை பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"உனக்கென்னடி! உன் வீட்டுக்காரர் போய்க் கேட்டார், குடுத்து வெச்சவ." கிரிஜாவுக்கு அழுகை முட்டியது. "சொல்லிக் குடுத்தது நான். கடை மட்டும் உன்னுது."

"நம்ம ரெண்டு பேரோடதாவும் இருந்திருக்கும். போன கோடையில நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப, உங்களைக் கூட்டு சேர்த்துக்கறேன்னு உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னேன். ரூல் ஒண்ணும் தடுக்கலைன்னு கானிட்கர் சார் சொன்னதையும் சொன்னேன். அண்ணன்தான், கிரிஜாவுக்கு இதுலல்லாம் இஷ்டமில்லம்மான்னுட்டார்."

கிரிஜா குனிந்து, கழன்ற செருப்பை மாட்டப் பார்த்தாள்.

"இப்ப நீங்களே கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்வேன். என் புருஷன் வேலைக்கே உலை வைக்க வந்தீங்களே! உங்க கம்பளியை இன்னிக்கே அனுப்பிடறேன்." கோதை திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ராத்திரி சுந்தரமூர்த்தி வந்து தட்டின் முன் உட்கார்ந்தபோது அடுப்பு பற்றவைத்திருக்கவில்லை. கம்பளி மடித்து நாற்காலியில் கிடந்தது.

"கோதை வந்து கேட்டாளாமே?" என்றாள் கிரிஜா.

அவர் கம்பளியைப் பார்த்தார்.

"ரவியை ஆபீஸ்ல மாவுக்காரி புருஷன்னுதான் கூப்பிடறாங்க, தெரியுமா?"

"அவர் என்ன பண்றார்?"

"சிரிச்சுட்டுப் போறான், வெட்கங்கெட்டவன்."

கிரிஜாவின் வயிறு அப்போதும் எரியத்தான் செய்தது. கோதையின் கடையைப் பார்த்து எரிந்தது போதாதென்று, அவளுக்கு வாய்த்த புருஷனைப் பார்த்தும் எரிந்தது.

"சரி, தோசையை வார்" என்றார் அவர்.

"மாவு இல்ல. வேணும்னா கோதை கடையில நின்னு வாங்கிட்டு வாங்க. நாளைக்குக் கானிட்கர் சார்கிட்ட நம்ம கடையைப் பத்தியும் தெரிவிச்சுடுங்க."

"நம்ம கடையா? எங்க?"

"கோதை கடைக்கு நேர் எதிர்ல ஒரு இடம் காலியா இருக்கு."

"எதிர்லயேவா? ஊர் சிரிக்கும்டி!"

கிரிஜா கம்பளியை எடுத்து உதறினாள்.

"ஏன், அதுக்கும் ஏதாவது ரூல் இருக்கா?"