அரை மில்லி

அத்தான் என் முதுகில் குத்தி இரண்டு வருஷம் ஆகிறது. மறந்துவிட்டுப் போகிற ரகம் இல்லை நான்.

அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். ஆபீஸில் என் டீம் லீடரும் அவரேதான். அங்கே 'சார்', வீட்டில் 'அத்தான்'. பச்சிளம் குழந்தைகளுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புகளை எங்கள் கம்பெனி செய்கிறது. அவற்றை ஓட்டும் புரோகிராம் எழுதுவது எங்கள் வேலை.

புரோகிராமில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு டப்பா உண்டு. சமையலறை டப்பாவில் லேபிள் ஒட்டுவதுபோல, இதில் முழு எண்தான் போகும், இதில் புள்ளி வைத்த எண்ணும் போகும் என்று முதலிலேயே எழுதிவிடலாம். மருந்தளவு டப்பாவுக்கு நான் 'டபுள்', அதாவது புள்ளி வைத்த எண், என்று எழுதியிருந்தேன். அப்போதுதான் அரை மில்லி, கால் மில்லியெல்லாம் அதில் தங்கும். அத்தானுக்கோ லேபிள் என்றாலே ஆகாது. "எல்லாத்துக்கும் 'ஆட்டோ'ன்னு போடு. முதல்ல உள்ள போறதைப் பார்த்து கம்ப்யூட்டரே வகையைப் புரிஞ்சுக்கும்" என்பார்.

ஒருநாள் என் நாற்காலியிலேயே உட்கார்ந்து டபுளை அழித்து ஆட்டோ போட்டார். அந்த டப்பாவுக்குள் முதலில் போனது வெறும் பூஜ்யம். புள்ளி இல்லாத பூஜ்யம். சரி, இது முழு எண் டப்பா என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டியது. அதன்பிறகு அரை மில்லி, அதாவது 0.5 போட்டால், புள்ளிக்குப் பின்னால் இருந்ததை வெட்டியெறிந்துவிட்டுப் பூஜ்யம் என்றது. இப்படி நடந்தால் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வரும். கண்ணை உறுத்துகிறது என்று அதையும் அணைத்து வைத்திருந்தார், மகராசன்.

சோதனையில் பம்ப் ஒரு சொட்டுகூடத் தரவில்லை. "அந்த வரி இவங்க எழுதினது" என்று மீட்டிங்கில் என்னைக் கைகாட்டினார். "நீங்கதானே சார் மாத்தினீங்க" என்றேன். என் கம்ப்யூட்டரிலிருந்து மாற்றியதால் பதிவில் என் பெயர்தான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார். மறுநாள் பூஜ்யத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துச் சரிசெய்து நல்ல பெயரும் வாங்கிக்கொண்டார். என்னை டெஸ்டிங்குக்குத் தள்ளினார்கள். ஜன்னல் இல்லாத அறை, நாள் முழுக்க பம்ப் இரைச்சல்.

வீட்டிலும் விடவில்லை. "என் மச்சினிச்சிக்கு ஒரு புள்ளி வைக்கத் தெரியாது" என்று சாப்பாட்டு மேஜையில் ஜோக் அடித்தார். "மாத்தினது அத்தான்க்கா" என்றேன். அக்கா சிரித்தாள். அவர் செய்ததைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு எரிந்தது.

பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. புது மாடல் பம்புக்கு அத்தானே புரோகிராம் எழுதினார். சோதிக்க அவர் கொடுத்த அளவுகள் ஒன்று, இரண்டு, ஐந்து. எல்லாம் பாஸ். நானாக அரை மில்லி வைத்துப் பார்த்தேன். பம்புக்குக் கீழே வைத்த கண்ணாடிக் குவளை காய்ந்து கிடந்தது. புரோகிராமுக்குள் போய்ப் பார்த்தால் அதே ஆட்டோ, அதே பூஜ்யம், புள்ளி இல்லை. தனியாக உட்கார்ந்து சத்தமாகவே சிரித்தேன்.

எங்கள் ஆபீஸில் டெஸ்டிங் அறிக்கையை லீடர் படித்துக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். முதல் பக்கம், முதல் வரியிலேயே எழுதினேன்: 'அரை மில்லி வைத்தால் மருந்து வராது. காரணம் நாற்பத்தோராவது வரி. டெமோவுக்கு முன் திருத்தவும்.'

"எல்லாம் ஓகேதானே?" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எழுதியிருக்கேன் சார். படிச்சுப் பாருங்க."

"உன் கதையெல்லாம் படிக்க நேரமில்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

படிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். என்னை என்றைக்கோ பூஜ்யம் என்று முடிவுகட்டியவர் அவர். அதற்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் வெட்டித்தான் எடுத்துக்கொள்வார்.

டெமோவுக்கு ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் வந்திருந்தார், எங்கள் டைரக்டரும் இருந்தார். பம்பில் தண்ணீர்தான். "அரை மில்லி வைங்க. எங்க வார்டுல பாதிப் பிள்ளைங்களுக்கு அதுதான்" என்றார். எல்லோரும் குவளையையே பார்த்தோம். ஒரு சொட்டு விழவில்லை.

"டெஸ்டிங்ல என்னத்தைக் கிழிச்சீங்க?" என்று என் பக்கம் பாய்ந்தார் அத்தான்.

நான் அறிக்கையை டைரக்டரிடம் நீட்டினேன். அவர் முதல் வரியை உரக்கப் படித்தார். பிறகு கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். அத்தான் மூஞ்சியில் ஈயாடவில்லை. பொய் சொல்வானேன், எனக்கு இனித்தது.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அழுதுகொண்டிருந்தாள். "அவரை டீம்லேர்ந்து தூக்கிட்டாங்கடி. நீ வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"போன தடவை வாயாலதான்க்கா சொன்னேன். நீ சிரிச்ச."

அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் நாற்பத்தோராவது வரியை என்னிடமே திருத்தக் கொடுத்தார்கள். ஆட்டோவை அழித்துவிட்டு டபுள் என்று எழுதினேன். குவளையில் அரை மில்லி சரியாக விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்று அக்கா இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் நான் போகப்போவதில்லை.