எகானமியில் கிடந்த லிவர்

அந்த வீட்டில் டிராக்டர் ஓட்டத் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒழுங்காக ஓட்டத் தெரிந்தது ஒருத்திக்குத்தான். அவளை அக்கம்பக்கத்தில் எல்லோரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற இரண்டு பேர், அவள் புருஷனும் அவள் கூடப்பிறந்த தம்பியும். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்தால் உறுமுகிற ரகம். ஒருத்தன் கிழக்கே என்றால் இன்னொருத்தன் மேற்கே என்பான். நடுவில் மாட்டிக்கொண்டு இடிபடுவது யார்? அவள்தான்.

அன்று காலையில் அவள் டிராக்டரில் மருந்து தெளிக்கும் மெஷினை மாட்டி, தோட்டத்துக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தாள். டிராக்டரின் பின்னால் பி.டி.ஓ. என்று ஒரு தண்டு உண்டு. மருந்து மெஷினோ, உரம் தூவுகிற மெஷினோ, மண் கிளறுகிற ரொட்டவேட்டரோ, மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டுகிற மெஷினோ, எதை மாட்டினாலும் சுற்றிவிடுவது அந்தத் தண்டுதான். அதற்கு ஒரு லிவர். சாதாவில் போட்டால், இஞ்சினை இரண்டாயிரம் சுற்றுக்கு முடுக்கினால்தான் தண்டுக்கு உரிய வேகம் வரும். எகானமியில் போட்டால் ஆயிரத்தைந்நூற்றிலேயே அதே வேகம் வந்துவிடும். டீசல் மிச்சம், ஆனால் இழுவை கம்மி. மருந்தடிக்க, உரம் தூவ அது தாராளம். மண் கிளறவும் தட்டை வெட்டவும் சாதாதான் சரி. எகானமியில் போட்டுவிட்டு, ஞாபகமில்லாமல் இஞ்சினை இரண்டாயிரத்துக்கு ஏற்றினால் தொலைந்தது. தண்டு பேய் பிடித்த மாதிரி சுற்றும்.

அதனால் அவள் வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தாள். வண்டியை விட்டு இறங்குகிறவர் லிவரைச் சாதாவுக்குத் தள்ளிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அடுத்த மெஷினை மாட்டுகிறவர் அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு ஆண்களும் அவளை எதிர்த்துப் பேசியதில்லை.

பாதித் தோட்டம் முடிந்திருக்கும். கொட்டகைப் பக்கம் கூச்சல். அவள் வண்டியைக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்து ஓடினாள். உள்ளே புருஷன் தம்பியின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியிருந்தான். தம்பி முட்டியால் அவன் வயிற்றில் இடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா வீட்டுல உக்காந்து தின்னுட்டு எனக்கே வேலை சொல்றியாடா, மாப்ள?"

"ராப்பகலா மாடு மாதிரி உழைக்கிறேன், ஓசியில தின்னேன்னா சொல்றே? அந்தத் தட்டை மெஷினுக்குள்ள தள்ளி உன்னைக் கூழாக்கலைன்னா பாரு, மாமா!"

புருஷனின் அண்ணனும் அவனுடைய கடைசித் தம்பியும், அதாவது அவளுடைய மூத்தாரும் கொழுந்தனும், அறுத்துப் போட்டிருந்த தட்டையைக் கட்டிக்கொண்டே இதைக் கேட்டார்கள். விலக்கிவிட ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. அவள்தான் மருந்துக் குழாயை இழுத்து இரண்டு பேரின் முதுகிலும் மாறி மாறி விளாசினாள். "வெக்கமா இல்ல? ஒரே வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு அடிச்சுக்கிட்டுச் சாகப்போறீங்களா? நீங்க போய் மெஷினை மாட்டுங்க. டேய், நீ வண்டியில ஏறு. ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூடாது!"

ஐயோ, அந்த அவசரத்தில் லிவர் எங்கே ஞாபகம் இருந்தது!

புருஷன் மருந்து மெஷினைக் கழற்றிவிட்டுத் தட்டை மெஷினை மாட்டினான். தம்பி உர்ரென்று ஏறி உட்கார்ந்து, வழக்கமான இரண்டாயிரம் குறி வரைக்கும் இஞ்சினை முடுக்கினான். கழற்றிய மெஷினை அவள் பின்பக்கத்தில் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் ஏறியது. தட்டை மெஷினின் உறுமல் அவளுக்கு அத்துப்படி. இது உறுமல் இல்லை, வீச்சென்ற அலறல். எகானமி!

"அணைடா! டேய், அணை!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். யார் காதில் விழும்? மெஷின் போடுகிற சத்தம் ஒரு பக்கம், ஆத்திரத்தில் அடைத்துப்போன காது ஒரு பக்கம். புருஷன் முதல் கட்டுத் தட்டையை உள்ளே தள்ளினான். உள்ளே ஏதோ வெடித்தது. ஒரு முழ நீளக் கத்தி, மூடியைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்து அவன் தொடையில் இறங்கியது. இன்னொன்று கொட்டகைக் கூரையைப் பொத்துக்கொண்டு போனது.

தம்பிதான் முதலில் சுதாரித்தான். இஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்து, சட்டையைக் கழற்றி மாமன் தொடையை இறுக்கிக் கட்டினான். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் ரத்தம். மூத்தாரும் கொழுந்தனும் ஓடி வந்தபோது கண்டது அந்தக் கைகளைத்தான்.

"சொன்ன மாதிரியே செஞ்சுட்டியேடா, கொலைகாரப் பாவி!"

மூத்தார் நீள ஸ்பேனரைத் தூக்கி அவன் முதுகில் போட்டார். அவன் குப்புற விழுந்தான். கொழுந்தன் மேலே ஏறி உட்கார்ந்து தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தரையில் மோதினான். ஒன்று, இரண்டு, மூன்று. மூக்கு உடைந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

"அவன் செய்யல! நான்தான்! மருந்தடிச்சிட்டு எகானமியிலயே விட்டுட்டேன்!"

"தம்பியைக் காப்பாத்தப் புளுகுறியா?" என்று மூத்தார் அவளை ஓர் அறை அறைந்தார். அவள் சுருண்டு விழுந்தாள். எழுந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாள். அவர் உதறிய உதறலில் டிராக்டர் சக்கரத்தில் போய் மோதி, நெற்றி பிளந்தது.

புருஷன் கண்ணைத் திறந்துதான் கிடந்தான். அவனிடம் தவழ்ந்து போனாள். "நீங்க சொல்லுங்க! உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க! காலையில மருந்தடிச்சது நான்தானே? நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க!"

அவன் அவளைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எந்தக் கையால முடுக்கின? இந்தக் கையா?" கொழுந்தன் தம்பியின் வலது கையை இழுத்து டிராக்டரின் இழுவைக் கம்பிமேல் வைத்து மிதித்துக்கொண்டான். ஸ்பேனர் இறங்கியது. தம்பி ஊளையிட்டான். மறுபடியும் இறங்கியது. எத்தனை தடவை என்று அவளால் எண்ண முடியவில்லை. கடைசியில் மூத்தார் கையை விட்டுவிட்டுத் தலைக்கு ஓங்கினார்.

"அண்ணே, நிறுத்து!" என்றான் புருஷன். "அவன் செய்யலண்ணே. லிவர் எகானமியில கிடந்துச்சு. மாட்டும்போதே பாத்தேன். லோடு தாங்காம வண்டி திணறி நிக்கும், எல்லாரும் பாத்துச் சிரிக்கலாம்னு அப்படியே விட்டுட்டேன்."

ஸ்பேனர் அந்தரத்தில் நின்றது. சாதாவில் வைத்துப் பழகிய கை அந்தக் குறிவரை முடுக்கும், தண்டு வெறி பிடித்துச் சுற்றும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லையாம். எகானமி என்றால் பலம் கம்மி என்கிற பாதிப் பாடத்தை மட்டும் படித்து வைத்திருந்தான் அந்தப் புத்திசாலி.

ஆஸ்பத்திரியில் புருஷனுக்கு முப்பத்திரண்டு தையல். எலும்புக்குச் சேதமில்லை, நடப்பான் என்றார்கள். தம்பிக்கு வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அவள் நெற்றிக் கட்டோடு புருஷன் கட்டிலருகே போய் நின்றாள். அவன் அழுதான். "சத்தியமா அவன் இப்படி முடுக்குவான்னு நினைக்கல. விளையாட்டுக்குத்தான் விட்டேன்."

"லிவரை அப்படியே விட்டது நானும்தான். அந்தப் பாவத்தை நான் சுமந்துக்கறேன். நான் கேக்க வந்தது அது இல்ல," என்றாள். "உங்ககிட்ட வந்து கெஞ்சினேன். நீங்க என்னைப் பாத்தீங்க. பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க. அப்போ அவனுக்கு அஞ்சு விரலும் இருந்துச்சு."

அவன் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டான். அவள் அங்கே நிற்காமல் வெளியே வந்தாள்.

அடுத்த வார்டில் தம்பி விழித்திருந்தான். முகம் வீங்கி ஒரு கண் மூடிப்போயிருந்தது. அவள் அவனுடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"லிவரை மாத்தாம இறங்கினது நான்தாண்டா."

"தெரியும்க்கா. மெஷின் வெடிச்சதும் வண்டியை அணைச்சேன்ல, அப்பவே பாத்தேன்."

"பாத்தியா? அப்போ வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன, பாவி?"

"சொன்னா உன்னைப் போட்டு அடிப்பாங்களே."

அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அவன் கையில் முகத்தைப் புதைத்துச் சத்தம் போட்டே அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அவள் அடங்கும்வரை பொறுத்திருந்தான்.

"மாமா எப்படி இருக்காரு? பொழச்சுட்டாரா?"

"பொழச்சுட்டான்," என்றாள் அவள்.