லிப்பேக் கரையில் பிறேமா வெட்டிய பாதை

1
இந்தக் கதை ஜெர்மனியில், ஹம் நகருக்குப் போகும் ரயிலில் எனக்குக் கிடைத்தது. எதிரே இருந்த பெண்ணின் கைகளெல்லாம் கீறல். பூனை வளர்க்கிறாரா என்று கேட்டேன். முள்ளுக் கீறினது என்றார். மீதியை அவரே சொன்னார். பிறேமா என்ற பெயர் மட்டும் நான் வைத்தது.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காடு அவளைக் கூவி அழைத்த—’

(இல்லை. காடு யாரையும் அழைக்கவில்லை. கரைப் பராமரிப்புச் சங்கத்தில் அங்கே போவதுதான் அவருடைய வேலை.)

லிப்பே ஆற்றின் கரையை நூட்ரியா என்னும் பெரிய நீரெலிகள் குடைந்துவிடும். அவற்றுக்குக் கூட்டுப்பொறி வைப்பதும் காலையில் போய்ப் பார்ப்பதும் பிறேமாவின் பொறுப்பு. பொறிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையைக் கோடையில் முட்பற்றையும் காஞ்சோன்றியும் மூடிவிடும். ஆற்றின் கடைசி வளைவைக் கைவிடலாம் என்று மேலாளர் சொல்லிப் பார்த்தார். அங்கேதான் கரை அதிகம் இடிந்திருந்தது என்பதால் பிறேமா விடவில்லை.

3
புயலடித்து ஓய்ந்த காலை. அந்த வளைவில் பொறி மூடிக்கொண்டதாகக் கைபேசிக்குச் செய்தி வந்தது. பாதை இருந்த இடமே தெரியவில்லை, ஆறும் ஏறிக்கொண்டிருந்தது. லீவில் நின்ற கணவர் அருட்பிரகாசம் கூடப் போனார்.

(இவரை முதலில் மனைவியின் வேலையை வெறுப்பவராக எழுதினேன். அவர் பேச்சு வந்தபோதெல்லாம் அந்தப் பெண் சிரித்தது நினைவுக்கு வந்தது. அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

பாதி தூரத்தில் அவர் நின்றார். “தண்ணி ஏறுது. இனி ஏலாது, திரும்புவம்.”

“உள்ளுக்கை ஒரு உயிர் கிடக்குது. நீங்கள் கொப்பை இழுங்கோ, நான் வெட்டுறன்.”

வெட்டினார்கள். போய்ச் சேர்ந்தபோது கூட்டின் அடித்தட்டை நீர் தொட்டுவிட்டது. உள்ளே தட்டை வாலோடு, மரம் கொறித்து அணை கட்டும் ஒரு பீபர். சட்டம் பாதுகாக்கும் விலங்கு, விட்டே ஆகவேண்டும்.

நூட்ரியாவாக இருந்திருந்தால் கொல்வதற்கு வேட்டைக்காரரிடம்தானே போயிருக்கும் என்று ரயிலில் கேட்டேன். ஓம் என்றார் பிறேமா. “எண்டாலும் கூட்டுக்குள்ளை தண்ணியிலை தாண்டு சாக விடமாட்டன்.”

கதவைத் திறந்தார். பீபர் ஆற்றைப் பார்த்தது. பிறகு இருவருக்கும் நடுவால், அப்போதுதான் வெட்டிய பாதையில், ஆற அமர நடந்து போனது.

“எங்கட றோட்டிலையெல்லோ போகுது,” என்றார் அருட்பிரகாசம்.

சரிந்த மரத்தில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தார்கள். இந்த வேலையில் இவ்வளவு சந்தோசமாக ஒருநாளும் இருந்ததில்லை என்றார் பிறேமா.

4
பீபர் இருக்கும் இடத்தில் இனிப் பொறி வைக்க முடியாது. பொறி இல்லையென்றால் பாதையும் தேவையில்லை. ஒரு முடிவில் அதை முள் மூடவிட்டேன். இன்னொன்றில் சனிக்கிழமைகளில் இருவரும் கத்தியோடு போகிறார்கள், சும்மா. இரண்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

எதை எடுப்பதென்று நீங்களே சொல்லுங்கள். அவசரமில்லை, அவர்கள் இன்னும் தேத்தண்ணி குடித்து முடிக்கவில்லை.