ஒரு கேலனுக்குப் பத்து மைல்

இது எழுதிப் பழகாத கை. கதை சொல்லும் தகுதி எனக்கு உண்டென்று எண்ணி இதைத் தொடங்கவில்லை. சினூக் ஊரில் எல்லோரும் அரைகுறையாகப் பேசிவரும் ஒரு செய்தியை யாரேனும் முறையாக எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது; வேறு எவரும் முன்வராததால் துணிந்துவிட்டேன். பிழைகள் இருக்கும். வாசிப்பவர்களும், இதில் பெயர் வருகிறவர்களும் பொறுத்தருள வேண்டும்.

லோர்னா ஹால்வர்சன் எங்கள் ஊர்த் தானியக் கிடங்கில் எடைமேடையைக் கவனித்துக்கொள்பவர். கோதுமை ஏற்றிய லாரி மேடைமீது ஏறி நிற்பதற்குள், அதன் டயர்கள் பிதுங்குவதைப் பார்த்தே எடையை ஏறக்குறையச் சொல்லிவிடுவார். திரையில் எண் விழுந்த பிறகு அவர் சொன்னது சரியாக இருந்தால், ஓட்டுநர்கள் தொப்பியைச் சற்றே தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள்.

அவருடைய கணவர் ராய்ஸும் எண்களில் கண்டிப்பானவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர்கள் அந்தப் பெரிய பிக்கப் வண்டியை வாங்கியபோது, கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதம் நெடுஞ்சாலையில் ஒரு கேலன் பெட்ரோலுக்கு இருபத்திரண்டு மைல் ஓடும் என்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த திரை பத்தொன்பது என்றது. ராய்ஸ் இரண்டையும் நம்பவில்லை. பெட்ரோல் குழாய் முதல் முறை ‘டக்’ என்று நிற்கும்வரை டாங்கை நிரப்புவார். அதற்குமேல் ஒரு சொட்டும் விடமாட்டார். ஓடிய மைலை நிரம்பிய கேலனால் வகுத்து, வண்டியிலேயே இருந்த நோட்டில் எழுதுவார். பதினேழு வந்தது. கோடையில் சற்று மேலே, கடுங்குளிரில் பதினான்கு, மற்றபடி பதினேழு.

கூட்டுறவு பெட்ரோல் நிலையத்தில் காலைக் காப்பி குடிக்கும் மேசை ஒன்று உண்டு. அங்கே உட்காரும் ஆண்களின் பிக்கப்புகள் எல்லாம் இருபதுக்குக் குறைந்து கொடுத்ததே இல்லை. ஒருவர் இருபத்து நான்கு என்றும் சொல்லியிருக்கிறார். ராய்ஸ் பதினேழு என்றபோது சிரித்தார்கள். அவர் கோப்பையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்ன பதிலை ஊர் இன்னும் மறக்கவில்லை. “என் வண்டி பதினேழுதான் குடுக்குது. உங்க வண்டிங்க பொய்யும் சேத்துக் குடுக்குதுபோல.”

அந்த மேசையில் தம் கணவர் ஒருவர்தாம் உண்மை சொல்பவர் என்பதில் லோர்னாவுக்கு வெளியே சொல்லிக்கொள்ளாத பெருமை ஒன்று இருந்தது.

பிறகு அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், அவர்களுடைய கோதுமை நிலத்தில் கதிர் முற்றிய வேளையில் ஆலங்கட்டி மழை பெய்து விளைச்சலை அழித்தது. ராய்ஸ் எண்ணெய்க் கிணற்று வேலைக்காக ஆயிரத்தைந்நூறு மைல் தெற்கே, டெக்ஸாஸின் மேற்குப் பகுதியில் இருக்கும் பேக்கோஸ் என்ற ஊருக்குப் போனார். அங்கே வாடகை தாங்காது என்பதால், குடும்பமாக ஏரிக்கரைகளுக்குப் போய்த் தங்குவதற்கு வாங்கிய இருபத்தாறு அடி டிரெய்லர் வீட்டைப் பிக்கப்பின் பின்னால் பூட்டி இழுத்துச் சென்றார். புறப்படும்போது சன்னலை இறக்கி லோர்னாவிடம் சொன்னார்: “சும்மா பாக்க வர்றப்ப இதை அங்கயே விட்டுட்டுத்தான் வருவேன். இதையும் இழுத்துக்கிட்டு வந்தேன்னா, ஒரேயடியா வந்துட்டேன்னு அர்த்தம்.”

முதல் ஆண்டு நான்கு முறை வந்தார். அடுத்த ஆண்டு இரண்டு முறை. அதற்குப் பிறகு பதினான்கு மாதங்களாக வரவில்லை. சண்டை என்று பெயர் சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. நிலத்தை விட்டு வர லோர்னாவால் இயலவில்லை. நிலத்துக்குத் திரும்ப ராய்ஸால் இயலவில்லை. வாரம் ஒருமுறை வந்த தொலைபேசி அழைப்பு மாதம் ஒருமுறையாகி, பின்பு பிறந்த நாளுக்கு மட்டுமாகி, அதுவும் நின்றது.

நிற்காமல் இருந்தது ஒன்றே ஒன்று. நோட்டுக்குப் பதிலாக இருவரும் செல்பேசியில் ஒரு செயலியை வைத்திருந்தார்கள். ராய்ஸ் டாங்கை நிரப்பியதும் ஓடிய மைலையும் கேலனையும் அதில் பதிவார். அடுத்த நொடியே லோர்னாவின் செல்பேசியிலும் அது தெரியும். ஊர்ப் பெயர் எழுதும் கட்டத்தை ராய்ஸ் ஒருநாளும் நிரப்பியதில்லை. தேவையில்லாத எழுத்து என்பார். ஆகவே லோர்னாவுக்குக் கிடைத்தவை எண்கள் மட்டுமே. பதினைந்து வந்தால் ஊருக்குள்ளேயே சுற்றியிருக்கிறார். பதினெட்டு வந்தால் சாலை நன்றாக இருந்திருக்கிறது, மனமும் அவசரப்படாமல் இருந்திருக்கிறது. இரண்டு வாரம் எதுவும் வராவிட்டால் உடம்புக்கு என்னவோ என்று லோர்னா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுவார்.

சென்ற மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகல், எடைமேடை அறையில் அவர் ரொட்டியைக் கையில் வைத்திருந்தபோது எண் வந்தது. இருநூற்றுத் தொண்ணூறு மைல், இருபத்தெட்டே கால் கேலனுக்குச் சற்றுக் குறைவு. பத்துப் புள்ளி மூன்று.

லோர்னா ரொட்டியைக் கீழே வைத்தார். அந்த வண்டி காலியாக ஓடி ஒருநாளும் பத்துக் கொடுத்ததில்லை. பின்னால் வீடு பூட்டியிருந்தால் மட்டுமே பத்து.

அன்று மாலை அடுத்தது வந்தது: இருநூற்று அறுபத்திரண்டு மைல், எட்டுப் புள்ளி எட்டு. டெக்ஸாஸிலிருந்து வடக்கே வரும் சாலையில் ராட்டன் கணவாய் ஏற்றம் அந்தத் தொலைவில்தான் இருக்கிறது. அங்கே எந்த வண்டியும் பெட்ரோலைக் குடிக்கும். புதன்கிழமை நடுப்பகல் பத்துப் புள்ளி நான்கு: டென்வரைத் தாண்டிய சமவெளி. லோர்னா வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, பழைய எடைச் சீட்டின் ஓரத்தைக் கோலாகக் கொண்டு மைல்களை அளந்து பார்த்தார். எண்கள் சாலையோடு பிசிறில்லாமல் பொருந்தின.

வியாழக்கிழமை காலை வந்தது ஒன்பது புள்ளி ஒன்று. வயோமிங் காற்று. அந்தக் காற்றில் டிரெய்லர் இழுத்து இதைவிட நல்ல எண் பெற்றவர் எங்கள் பக்கத்தில் இல்லை. மொத்தம் ஆயிரத்து எண்பத்தேழு மைல். அப்படியானால் ராய்ஸ் ஷெரிடன் ஊரில் இருக்கிறார். இன்னும் நானூறு மைல். பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம்.

லோர்னா விடுப்புச் சொல்லிவிட்டுக் கூட்டுறவு நிலையத்துக்குப் போய்த் தண்ணீர்க் குழாய் ஒன்றும், டிரெய்லரோடு இணைக்கும் பித்தளை மூட்டு இரண்டும் கேட்டார். அங்கே கல்லாவில் இருக்கும் டெல்பர்ட் எழுபதைக் கடந்தவர். ஐம்பதை நெருங்கும் லோர்னாவை இன்னும் ‘பொண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். யார் வீட்டுக்கு விருந்தாளி என்று அவர் விசாரித்தார். லோர்னா செல்பேசியை நீட்டினார்.

டெல்பர்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நான்கு எண்களையும் பார்த்தார். “பத்து, எட்டு, பத்து, ஒன்பது. இது டிரெய்லர்தான் பொண்ணே. இல்லேன்னா உன் புருஷன் ஆயிரம் மைலும் கைப்பிரேக்க விடாமலே ஓட்டியிருக்கணும்.”

“அவருக்கு அந்தப் பழக்கம் கெடையாது டெல்பர்ட்.”

“தெரியும். பதினேழுன்னு சொன்ன ஆளு பத்துன்னு எழுதியிருக்கான்னா, அது பத்துதான்.” பித்தளை மூட்டு இரண்டுக்கு மேல் மூன்றாவது ஒன்றையும் பையில் போட்டு, அதற்குக் காசு வேண்டாம் என்றார்.

கருவிக் கொட்டகைக்குப் பக்கத்தில் டிரெய்லர் நின்ற சரளைத் தரையில் முழங்கால் உயரம் புல் வளர்ந்திருந்தது. லோர்னா அதை வெட்டினார். வேலியோரம் காற்று கொண்டுவந்து குவித்திருந்த காய்ந்த முட்புதர்களை வாரி அப்புறப்படுத்தினார். மின்பெட்டிக்குள் குளவிகள் கூடு கட்டியிருந்தன. அவற்றைக் கலைக்கையில் மணிக்கட்டில் ஒரு கொட்டு வாங்கினார். டிரெய்லரின் இடப்பக்கம் எப்போதும் தாழ்ந்து நிற்கும் என்பதால் அந்தப் பக்கத்துக்கு இரண்டு பலகைகளை எடுத்துவைத்தார். இறைச்சியை அடுப்பில் மெல்லிய சூட்டில் வேகவைத்துவிட்டு, முகம் கழுவி, சட்டை மாற்றி, சமையலறை சன்னலோரம் உட்கார்ந்தார்.

எங்கள் சாலைகள் மண் சாலைகள். வருகிற வண்டியை இரண்டு மைலுக்கு முன்பே தூசி சொல்லிவிடும். நான்கு மணிக்கு ஒரு தூசி எழுந்தது; தபால் வண்டி. ஐந்தரைக்கு ஒன்று, பக்கத்துப் பண்ணைக்கு மாடு வாங்க வந்தவர்கள். பெரிய டிரெய்லர் இழுக்கும் வண்டியின் தூசி அகலமாக, தாழ்வாக, மெதுவாக வரும் என்று லோர்னா தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அப்படி எதுவும் வரவில்லை. வெளிச்சம் போன பிறகு அடுப்பை அணைத்தார்.

வெள்ளிக்கிழமை எடைமேடைக்குப் போனார். டெல்பர்ட் வழியாகச் செய்தி ஊருக்குத் தெரிந்திருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று முழுவதும் எண்ணும் வரவில்லை.

சனிக்கிழமை மதியம் வந்தது. இருநூற்று நாற்பத்தெட்டு மைல், பதினெட்டுப் புள்ளி ஏழு கேலன். பதின்மூன்று புள்ளி மூன்று.

பதின்மூன்று என்பது டிரெய்லர் இழுத்த எண்ணும் அன்று, காலியாக ஓடிய எண்ணும் அன்று; இரண்டும் கலந்தது. லோர்னா எடைச் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். முதல் தொண்ணூறு மைலை டிரெய்லரோடும் மீதியைத் தனியாகவும் ஓடியிருந்தால் சரியாகப் பதின்மூன்று புள்ளி மூன்று வரும். ஷெரிடனிலிருந்து தொண்ணூறு மைலில் ஹார்டின் இருக்கிறது. ஆக, ஹார்டினில் டிரெய்லரின் சக்கரமோ அச்சோ போய்விட்டது. ஒரு நாள் பழுதுபார்ப்பவருக்காகக் காத்திருந்துவிட்டு, அதை அங்கேயே விட்டுத் தனியாகப் புறப்பட்டுவிட்டார். இருநூற்று நாற்பத்தெட்டு மைல் வந்தாயிற்று. மீதி நூற்றைம்பதுதான்.

தாமே போய்ப் பாதி வழியில் எதிர்கொண்டால் என்ன என்று லோர்னாவுக்குத் தோன்றியது. அதைச் சொல்வதற்காகத்தான் வெகுநாளைக்குப் பிறகு ராய்ஸின் தொலைபேசி எண்ணை அழைத்தார்.

மூன்றாவது மணியில் ராய்ஸ் எடுத்தார். “லோர்னா? யாருக்காச்சும் ஏதாவது ஆயிருச்சா?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. எந்தச் சக்கரம் போச்சு? வலது பக்கம் பின்னாடியா? அது வாங்குனப்பவே சரியில்ல.”

“என்ன சக்கரம்?”

“டிரெய்லர் சக்கரம். ஹார்டின்ல விட்டுட்டுத்தானே வர்ற?”

அந்தப் பக்கம் பாத்திரங்கள் அடுக்கும் ஓசை கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டு அந்த ஓசை நின்றது. ராய்ஸ் வெளியே வந்துவிட்டார் போலும்.

“நான் அந்தப் பக்கமே வரல லோர்னா. எல்கோல இருக்கேன். நெவாடால.”

லோர்னா வரைபடத்தைப் பார்த்தார். பேக்கோஸிலிருந்து வடமேற்கே எல்கோவுக்கு அளப்பதற்குச் சீட்டின் ஓரம் தேவைப்படவில்லை, கண்ணாலேயே தெரிந்தது. அதே ஆயிரத்து எண்பத்தேழும் தொண்ணூறும்; மீதி, டிரெய்லரைக் கழற்றிவிட்டு அங்கே சுற்றியது. அவர் பதற்றமில்லாமல், ஒவ்வோர் எண்ணாக, தாம் கணக்கிட்டதைச் சொன்னார். ராய்ஸ் குறுக்கிடாமல் கேட்டார்.

“அதெல்லாம் இன்னும் உனக்கு வருதா?”

“வருது.”

“நான் எனக்குன்னுதான் எழுதிக்கிட்டிருந்தேன். நடுவுல விட்டா தொடர்ச்சி அறுந்துருமேன்னு.”

தங்கச் சுரங்கத்தில் நிரந்தர வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். டிரெய்லரை நிறுத்த இடம் உண்டா என்று லோர்னா விசாரித்தார். உண்டு என்றார். பிறகு அவரே தொடர்ந்தார்.

“இங்க ஒருத்தங்க இருக்காங்க. மேவிஸ்னு பேரு. இந்த எடம் அவங்களோடது. உங்கிட்ட சொல்லணும்னு ஒவ்வொரு தடவ பெட்ரோல் போடுறப்பவும் நெனச்சேன்.”

லோர்னா கோபித்துக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. இதை அவரே என்னிடம் சொன்னார். அவர் மிகைப்படுத்துபவர் அல்லர். அவர் கேட்டது இதுதான்: “எட்டுப் புள்ளி எட்டு எந்த எடம்?”

ராய்ஸுக்கு இது பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருந்ததால் குரல் சற்றுத் தெளிந்தது. “அது ஃபார்மிங்டன் போற ஏத்தம். இன்ஜின் ரொம்பக் கஷ்டப்பட்டுச்சு.”

“ஒன்பது புள்ளி ஒண்ணு?”

“யூட்டா பூரா எதிர்க்காத்து. எறங்கலாம்னா கதவத் தெறக்க முடியல.”

“நான் வயோமிங்னு நெனச்சேன்.”

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஆறுதலாக எதையாவது சொல்லியிருப்பார்கள். ராய்ஸ் எண்ணில் பொய் சொல்லமாட்டார். “வயோமிங்ல வந்திருந்தாலும் அவ்வளவுதான் குடுத்திருக்கும்,” என்றார்.

எழுதுவதை நிறுத்திவிடட்டுமா என்று பிறகு மெல்லக் கேட்டார்.

“நீ எழுது. எனக்கு வர்றத மட்டும் நிறுத்திரு.”

ஞாயிற்றுக்கிழமை காலை லோர்னாவின் செல்பேசியில் அந்த வண்டியின் பெயர் இருந்த வரி இல்லை. அதற்குக் கீழே இருந்த எண்கள் எதுவும் இல்லை. தாமாக எழுதிவைத்துக்கொள்ள அவருக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை.

இழந்தவை பின்வருமாறு. டிரெய்லர் வீடு ஒன்று, இருபத்தாறு அடி நீளம். பிக்கப் வண்டி ஒன்று, இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் மைல் ஓடியது. டாங்கு நிரப்பிய பதிவுகள் ஐந்நூற்று நாற்பத்தொன்று. வேகவைத்த இறைச்சி மூன்றரைப் பவுண்டு, யாரும் உண்ணவில்லை. செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாள். கணவர் ஒருவர்.