ஒரு நாய்க்குத்தான் இடம்

…ஆனால் கொல்வதில் யார் கெட்டிக்காரர்கள் என்று கேட்டால் போதைத் தூள்காரர்களைத்தான் சொல்வேன். குண்டுக்காரர்கள் பாவம், நாற்பது பேரைச் சாகடிக்க எத்தனை ஆர்ப்பாட்டம், புகை, தொலைக்காட்சி, மறுநாள் மெழுகுவர்த்தி… தூள்காரர்கள் அதே நாற்பதை வீட்டுக்கு ஒன்றாகச் சத்தமில்லாமல் முடிப்பார்கள், வீட்டாரே மாரடைப்பு என்று சொல்லி மூடிவிடுவார்கள், கொன்றவனுக்கு இதைவிட என்ன ஒத்தாசை வேண்டும்? மோப்ப நாய் வாங்குவது பற்றிய போன வாரக் கூட்டத்தில் இதை நான் சொல்லவில்லை. இந்த ரயில் நிலையத்தின் பாதுகாப்பு என் பொறுப்பு, அதனால் மேலதிகாரியான பெரியவர் என்னைத்தான் கேட்டார், "ரெண்டுல எது பெரிய ஆபத்துன்னு நீங்களே சொல்லுங்கம்மா, ஒரு நாய்க்குத்தான் இடம் இருக்கு." ஒரே நாயை இரண்டுக்கும் பழக்கினால் என்ன என்று கணக்குப் பிரிவுக்காரர் கேட்டுவைக்க, நாய்ப் பயிற்சிக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "சார், மோப்பம் கெடச்சு அது உக்காந்தா உள்ள இருக்கறது தூளா வெடியான்னு எப்படித் தெரியும்? பையைத் தொறந்து பாக்க நீங்க வருவீங்களா?" எல்லோரும் சிரித்தோம். நான் என் பங்குக்கு, "வியாபாரிக்கு வாடிக்கையாளர் உயிரோட இருக்கணும் சார், குண்டு வெக்கிறவனுக்கு அந்தக் கவலையே கிடையாது" என்றேன், பெரியவர் மேசையைத் தட்டி ரசித்தார். வெடி நாய் வந்துவிட்டது, இதோ நுழைவாயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கிறது, தூளை மூட்டையாகக் கொண்டுபோனாலும் திரும்பிப் பார்க்காது.

அதற்காகத்தானே கேட்டேன்… என் மகன் தினமும் காலையில் இந்த வாயில் வழியாகத்தான் போகிறான், தோளில் ஒரு கறுப்புப் பை. முன்பெல்லாம் தூளுக்காக என் காலைப் பிடித்து அழுவான், என் வளையலைக் கழற்றப் பார்ப்பான், இப்போது அழுவதில்லை, பையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான், கூலியாகத் தூள் கிடைக்கிறது. பையில் என்ன என்று நான் கேட்டதில்லை, தூள்தான், வேறென்ன, கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் இந்தச் சீருடையோடு என்ன செய்வது? தூள் நாய் வந்திருந்தால் முதல் நாளே பிடித்திருக்கும், உள்ளே போட்டிருப்பார்கள், ஒருவேளை பிழைத்திருப்பான், ஆனால் ஊர் முழுக்க என் பெயர் நாறியிருக்கும். இதற்குப் பாசம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். குண்டுக்காரர்கள் பிள்ளையைக் கொண்டுபோனால் திருப்பித் தரமாட்டார்கள், அழுது முடித்துவிடலாம், தூள்காரர்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், எலும்பில் மாட்டிய சட்டையாக வந்து உட்காருகிறான், தட்டு வைக்க வேண்டியிருக்கிறது. குளியலறைக் கதவில் காதை வைத்து, மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்கும்போது, வராவிட்டால் தேவலையே, ஒரு நாளாவது தூங்கலாமே என்று… நினைத்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை.

அதோ வருகிறான். இன்றைக்குப் பை பெரிதாக இருக்கிறது, தோள் சாய்கிறது, என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு வேறு. வா, வந்து போய்த் தொலை, நாய் உன்னை ஒன்றும் செய்யாது, உனக்காகவே பார்த்துப் பார்த்து வாங்கிய நாய்… நாய் அவன் முழங்காலருகே மூக்கைக் கொண்டுபோனது, பையை முகர்ந்தது, உட்கார்ந்தது. பயிற்சிக்காரர் கையை உயர்த்திவிட்டு நாயை மெதுவாக இழுத்துக்கொண்டு விலகினார். "ஏம்மா, இது ஏன் உக்காருது?" என்கிறான் என் மகன். அவனுக்குத் தெரியாது. தூள் என்றுதான் அவனும் நினைத்துச் சுமந்திருக்கிறான். தூள்காரர்கள் தங்கள் ஆளை ஒரு நாளைக்குக் குண்டுக்காரர்களுக்கு இரவல் கொடுப்பார்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே, எது பெரியது எது பெரியது என்று எடைபோட்டோமே, இரண்டும் ஒரே தோளில் ஏறும் என்று எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

"எல்லாரும் பின்னாடி போங்க! ஓடாதீங்க!" என் குரல்தான், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி பிசிறில்லாமல் வருகிறது. பையைச் சுமப்பவன் மட்டும் அசையக் கூடாது, அதுதான் விதி. "ஆடாம நில்லுடா, பையக் கீழ வெக்காத." எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நான் சொன்னதைக் கேட்கிறான், கால்களைச் சேர்த்து நிற்கிறான். "அம்மா, நீ இங்கயே இருப்பதானே?" "இருக்கேன்டா கண்ணா, இங்கதான் இருக்கேன்." எங்களுக்கு நடுவே வெறும் தரை நீண்டுகொண்டே போகிறது, பயந்துபோய்ப் பின்னால் நகர்கிறானே, நிற்கச் சொன்னால் நிற்கக்கூடத் தெரியவில்லையே என்று எரிச்சலாக வந்தது… அவன் நான் சொன்ன இடத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தான்.