நம்ம கம்பெனி தக்காளி

எம்பிராய்டரி மெஷின் இப்போதைக்கு வேண்டாம், அந்தப் பணத்துக்கு நம்ம கம்பெனிப் பங்கையே இன்னும் கொஞ்சம் வாங்கிவிடலாம் என்று அம்மா சொன்னபோது, அப்பா திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தார். அம்மா அதைக் கவனிக்கவில்லை. ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி, பங்குச் சந்தை எப்போது திறக்கும் என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மெஷினுக்காக எத்தனையோ வருடம் ஊரார் துணிகளைத் தைத்துச் சேர்த்த பணம் அது.

நம்ம கம்பெனி என்றால், கைபேசியில் கேட்டால் காய்கறியும் மளிகையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கம்பெனி. பச்சைப் பை, பச்சைச் சட்டை. அதில் அம்மாவுடைய பங்கு கடலில் கரைத்த பெருங்காயம். பேச்சு மட்டும் முதலாளி பேச்சு. "நம்ம கடையில நாமளே வாங்கலன்னா வேற யாருடி வாங்குவா?" என்று சொல்லி, வேறு எதிலும் வாங்கக்கூடாது என்று வீட்டில் சட்டமே போட்டிருந்தாள். போட்டிக்கு வந்த சிவப்புச் சட்டைக்காரர்கள் விலையைக் குறைத்து, பாதி நேரத்தில் கொண்டுவந்து தெருவையே வளைத்துப் போட்டார்கள். பச்சை நத்தையாக ஊர்ந்தது. தக்காளி நசுங்கி வந்தாலும் அம்மா விட்டுக்கொடுக்க மாட்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

கைபேசியில் பங்குதாரர் குழு ஒன்றில் அவள் இருந்தாள். விடிந்ததும் அங்கே செய்திகளைப் பிரித்து மேய்வார்கள். சிவப்புக்கு வெளிநாட்டு முதலீடு வந்திருக்கிறதாம், பச்சையில் பெரிய அதிகாரி விலகிவிட்டாராம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் வரைபடம் வரைபடமாகப் போடுவார். அம்மாவுக்கு வரைபடம் தெரியாது. வாசலில் வந்து இறங்குவதை அப்படியே எழுதுவாள். "டெய்லரம்மா சொன்னா சரியா இருக்கும்" என்று அங்கே அவளுக்கொரு மரியாதை உண்டு. சமீபமாக அவள் எழுதுவதெல்லாம் ஒரே பாட்டுத்தான். பச்சை திருந்திவிட்டது, தக்காளி கல்லு மாதிரி வருகிறது, யாரும் விற்காதீர்கள்.

திருந்தியது கம்பெனி இல்லை. காய்கறி கேட்டு வாங்குவது அப்பாவின் வேலை. அவர் திருட்டுத்தனமாகச் சிவப்பில் வாங்கி, மாடிப்படியில் நின்று பழைய பச்சைப் பைக்கு மாற்றி எடுத்துவருவார். ஒருநாள் நேரில் பார்த்துவிட்டேன். உதட்டில் விரல் வைத்தார். நல்ல தக்காளி எனக்கும் பிடிக்கும் என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது சந்தை திறந்ததும், பங்கை வாங்க அம்மாவின் கட்டைவிரல் திரையை நெருங்கியது.

"கொஞ்சம் பொறும்மா," என்றார் அப்பா. "அது சிவப்புக்காரன் தக்காளி."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எத்தனை நாளா?"

"மழை ஆரம்பிச்சதுலேருந்து."

"பை?"

"பழசுதான். கழுவிக் காயவச்சு எடுத்து வச்சிருக்கேன்."

"எதுக்கு இந்த வேலை உங்களுக்கு?"

"நசுங்கின தக்காளியப் பார்த்தா, நீயே மிதிச்சு அனுப்பின மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டு நிப்ப. என்னால பார்க்க முடியல."

அம்மாவுக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டும் முட்டிக்கொண்டதில் விக்கல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தபின் முகம் வாடிவிட்டது. "என் பேச்சை நம்பி எத்தனை பேரு விக்காம வச்சிருக்காங்க," என்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் பெருமையாகவும் இருந்தது. அம்மா நடந்ததை ஒளிக்காமல் குழுவில் எழுதிப் போட்டாள்.

திட்டுத்தான் விழும் என்று மூவரும் காத்திருந்தோம். முதல் பதில் வங்கி மேலாளருடையது. அப்பா உரக்கப் படித்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. எங்க வீட்லயும் சிவப்புதான்." அடுத்து ஒரு பல் டாக்டர்: "கிளினிக்குக்குப் பச்சை, வீட்டுக்குச் சிவப்பு." அதற்கடுத்து ஒரு பள்ளிக்கூட டீச்சர்: "நான் பச்சையில பங்குதான் வாங்கியிருக்கேன். பொருள் வாங்கினதே இல்ல." அதன்பின் மழைக்காலத் தவளைகள் மாதிரி ஆளுக்காள் ஒப்புக்கொள்ளத் தொடங்கினார்கள். படிக்கப் படிக்க அப்பாவுக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கைபேசியில் பச்சையைத் திறந்து ஒரு கிலோ தக்காளி கேட்டாள். "இது எப்படி வருதுன்னு பார்த்துட்டு முடிவு பண்றேன், மெஷினா பங்கான்னு," என்றாள். அதையே குழுவிலும் எழுதினாள். அப்பா சட்டையை மாட்டக் கிளம்பினார்.

"நீங்க கீழ போகக்கூடாது. இங்கயே என் கண்ணு முன்னால நில்லுங்க."

மூவரும் பால்கனியில் நின்றோம். சந்தை திறந்து வெகுநேரம் ஆகிவிட்டது. தூறல் வலுத்தது. தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது. ஓட்டி வந்தவன் கழுத்துவரை கறுப்பு மழைக்கோட்டு மாட்டியிருந்தான். பின்னாலிருந்த பெட்டியும் தார்ப்பாயால் மூடியிருந்தது. பச்சையா சிவப்பா என்று தெரியவில்லை. வீட்டு எண்களை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தபடி மெதுவாக வந்தான்.

"வந்துச்சா டெய்லரம்மா?" என்று குழுவில் யாரோ கேட்டார்கள். அம்மா தலை நனைவதுகூடத் தெரியாமல், பாதி உடம்பைக் கம்பிக்கு வெளியே நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.