இது ஒத்திகை இல்லை

எங்கள் ஆய்வகத்தில் என் பெயர் கதவு. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். உள்ளறைக்கு இரண்டு கதவுகள், நடுவே மூன்று பேர் நெருக்கி நின்று குளிக்கிற அளவுக்கு ஒரு சின்ன இடம். ஒரு கதவு திறந்திருக்கும்போது மற்றது திறக்கக் கூடாது, உள்ளே இருக்கிற காற்று வெளியே வரக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. உள்ளே வளர்க்கிற கிருமி மூச்சில் தொற்றும், அதற்கு மருந்து கிடையாது. அதனால் என்னைக் கிண்டல் செய்கிறவர்கள்கூட என் கதவைக் கிண்டல் செய்வதில்லை.

என் அக்காதான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. யார் உள்ளே போகலாம், எந்தக் கையுறை போட வேண்டும், குப்பை எப்படி வெளியே வர வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அவள் வைத்ததுதான் சட்டம். வேலை நேரத்தில் நான் அவளை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். இங்கே அக்கா தம்பி என்று கொஞ்சிக்கொண்டிருந்தால் நாளைக்கு ஒருத்தனும் என்னை மதிக்கமாட்டான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். எனக்கும் அது சௌகரியம்தான். மேடத்தின் மேல் கோபப்படுவது அக்காவின் மேல் கோபப்படுவதைவிடச் சுலபம்.

முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவளை ஒத்திகை ராணி என்பார்கள். ஊசி குத்திய மாதிரி, தீப்பிடித்த மாதிரி, கிருமிக் குழாய் உடைந்த மாதிரி, திடீர் திடீரென்று ஒத்திகை வைப்பாள். சொல்லிவிட்டு வைத்தால் பரீட்சைக்குப் படிப்பது போல எல்லோரும் படித்துவிட்டு வந்துவிடுவார்களாம். ஆரம்பத்தில் 'இது நிஜம், ஒத்திகையை நிறுத்து' என்பதற்கு ஒரு ரகசியச் சொல் இருந்தது. ஆட்கள் அதைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போக ஆரம்பித்ததும் அதை எடுத்துவிட்டாள்.

போன வருடம் ஒரு ஒத்திகை. உள்ளே அவள் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். இது ஒத்திகை இல்லடா, நிஜம், கை கிழிஞ்சிடுச்சு, அம்மா மேல சத்தியம் என்றாள். நான் இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டு ஓடினேன். கிழியாத கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "அக்கா சாகறான்னா ஊரையே சாகடிப்பியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அந்த வருடம் என் சம்பளம் ஏறவில்லை. தன் பேரில் பொய்ச் சத்தியம் செய்ததற்காக அம்மா அவளோடு ஒரு மாதம் பேசவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள், நானும் இனிமேல் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

இந்தத் தடவை நடந்த ஒத்திகை, ஆய்வகத்துக்கு அனுமதி கொடுக்கிற மேலிடத்து அதிகாரியின் முன்னால். அவர் திருப்தியாகப் போகவில்லை என்றால் எங்களுக்குப் பூட்டுதான். கதையை அக்காவே எழுதியிருந்தாள். கதவு பழுதாகிவிடும், உள்ளே ஒருவர் மயங்கி விழுவார், கூட இருக்கிற அவள் தனியாகச் சமாளிக்க வேண்டும். மயங்க வேண்டியவர் மலை. எங்கள் மூத்த டெக்னீசியன், மலை மாதிரி உடம்பு, அதனால் அந்தப் பெயர். அக்காவை வேலை இடத்திலும் தங்கச்சி என்று கூப்பிட அவர் ஒருவருக்குத்தான் துணிச்சல். நடிப்பில் பெரிய ஆசை அவருக்கு. முன்பு ஒரு ஒத்திகையில் செத்துப் போனவர், முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

உள்ளறையைக் கிருமி போகக் கழுவிவிட்டு ஒத்திகை வைக்கலாமே என்று ஆய்வக டைரக்டர் சொல்லிப் பார்த்தார். கழுவின அறையில் எல்லோரும் பூங்காவில் நடக்கிற மாதிரி நடப்பார்கள், பயம் இருந்தால்தான் கை ஒழுங்காக வேலை செய்யும் என்றாள் அக்கா. என்னிடம் தனியாக வந்தாள். "மலை விழுந்ததும் கதவோட கரண்டை நிறுத்திடு. அதிகாரி போதும்னு சொல்ற வரைக்கும் திறக்காத. நான் தலைகீழா நின்னு கத்தினாலும் திறக்காத" என்றாள். சரி மேடம் என்றேன்.

இருவரும் உடுப்பு மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். தலை முழுவதையும் மூடுகிற கண்ணாடி முகமூடி, இடுப்பில் கட்டிய விசிறி அதற்குள் சுத்தமான காற்றை அனுப்பும், பேசுவதற்கு மைக்கும் அதற்குள்ளேயே. நான், டைரக்டர், அதிகாரி மூவரும் வெளியே வராந்தாவில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாம்பல் நிறப் படம், முகத்தின் நிறமெல்லாம் தெரியாது. காலை வேலையில் பயன்படுத்திய கண்ணாடிக் குழாய்களைத் தட்டோடு எடுத்துப் பெட்டிக்குள் வைக்கப் போன மலை, அப்படியே தட்டோடு சாய்ந்தார்.

அதிகாரி பிரமாதம் என்றார். அந்த வாரத்தில் முதல் தடவையாக டைரக்டர் சிரித்தார். நான் கதவின் கரண்டை நிறுத்தினேன். உள்ளே அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணே, நான் இன்னும் சைகையே காட்டல, எந்திரிங்க என்று ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு குனிந்தாள். அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கதவைத் திற. மலைக்கு என்னமோ ஆயிடுச்சு."

"குறிச்சுக்கிட்டோம் மேடம்" என்றேன். அந்தப் பதிலும் அவள் சொல்லிக் கொடுத்ததுதான்.

குழாய் உடைந்து கொட்டிக் கிடக்கிறது, அது தண்ணீர் இல்லை, நிஜமான குழாய் என்றாள். ஒத்திகைக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிற குழாய்களும் அதே மாதிரிதான் இருக்கும், வித்தியாசம் தெரியக் கூடாது என்று அவள்தான் அப்படி வாங்கச் சொன்னாள். ஓ, சிந்தினதையும் சேர்த்திருக்காங்களா என்று அதிகாரி ஒரு மார்க் கூடப் போட்டார். ஐயா, ஒத்திகையை நிறுத்துங்க என்று கேமராவைப் பார்த்து அவரிடமே கெஞ்சினாள். அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, இப்படிக் கேட்பேன், நிறுத்தாதீங்கன்னு காலையிலேயே சொல்லிட்டாங்க என்றார்.

நிஜமாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. உள்ளே கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பிடி உண்டு. கரண்ட் இல்லாவிட்டாலும் அதை இழுத்தால் இரண்டு கதவும் சேர்ந்து திறந்துவிடும். நிஜமாக இருந்தால் இழுத்திருப்பாளே, இழுக்கவில்லையே, அப்படியானால் நடிப்புதான் என்று நினைத்தேன். முட்டாள் நான். கீழே கொட்டிக் கிடக்கும்போது அந்தப் பிடியை இழுத்தால் அந்தக் காற்று வராந்தாவுக்கு வரும். அங்கே முகத்தில் ஒன்றும் இல்லாமல் நாங்கள் மூன்று பேர் நிற்கிறோம். அவள் இழுக்கவே மாட்டாள். பிறந்ததிலிருந்து அவளைப் பார்க்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை.

மலையின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவர் கால்கள் தூக்கிப் போட்டன. இவ்வளவு பலமா அழுத்தறாங்களே, பாவம் அவருக்கு வலிக்காதா என்றார் அதிகாரி. என் கை கரண்ட் பொத்தானுக்குப் போய் நின்றது. நடிப்பாக இருந்து நான் திறந்துவிட்டால் ஆய்வகம் போச்சு, என் வேலை போச்சு, ஆயுசுக்கும் அக்கா என் முகத்தில் விழிக்கமாட்டாள். நடிப்பாக இல்லாவிட்டால்? இருதலைக்கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள். பொத்தானை அழுத்தவும் முடியவில்லை, கையை எடுக்கவும் முடியவில்லை.

"டேய், அம்மா மேல..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அழுத்துவதை விட்டுவிட்டு எழுந்தாள். கேமராவுக்கு நேரே வந்து நின்றாள். இரண்டு கையையும் கழுத்துக்குக் கொண்டுபோய், பூட்டை விடுவித்து, முகமூடியைக் கழற்றினாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வாயைத் திறந்து அந்த அறைக் காற்றை மூச்சு வாங்கினாள். வீட்டில் வெங்காயம் உரிப்பதற்குக்கூட இரண்டு தடவை கை கழுவச் சொல்கிறவள். அவள் உதடு அசைந்தது. மைக் முகமூடியோடு போய்விட்டதால் ஒன்றும் கேட்கவில்லை. திரும்ப ஓடிப்போய் மலையின் நெஞ்சை அழுத்தினாள்.

நான் கரண்டைப் போட்டேன். டைரக்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கிருமி சிந்தியிருந்தால் அறைக் காற்று முழுவதும் மாறும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது, உங்க அக்கா எழுதின விதி என்றார். கையை உதறினேன். பக்கத்து அறையில் இருந்த இரண்டு டெக்னீசியன்களைக் கூப்பிட்டு உடுப்பு மாட்டச் சொன்னேன். ஒரு கதவை மூடி ஒரு கதவைத் திறந்தேன். மலையை நடுவிடத்தில் மருந்துத் தண்ணீரில் கழுவி, உடுப்பைக் கழற்றி, துடைத்து, அப்புறம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அவசரப்பட ஆசைதான். ஆனால் அந்தக் கதவுகள் அவசரப்படாத மாதிரி செய்யப்பட்டவை. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் மலை போய்விட்டார். மாரடைப்பு. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் இழுத்தார். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் இழுப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், மனசு கேட்கவில்லை.

அக்காவை வராந்தாவின் கடைசியில் இருக்கும் தனியறையில் வைத்தார்கள். ஒரு கட்டில், ஒரு கண்ணாடிச் சுவர், சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பவரோடு மட்டும் பேசுகிற ஒரு போன். காய்ச்சல் வருகிறதா என்று இரண்டு வாரம் பார்க்க வேண்டும். அந்த அறையின் கதவும் என் பொறுப்பு. அவளிடம் பேசப் போன என்னை டைரக்டர் ஓரமாகக் கூப்பிட்டார். தனியறையில் இருப்பவரிடம் மனசு கலங்குகிற சேதி எதையும் சொல்லக் கூடாது, நாடித்துடிப்பு ஏறினால் நோயா பயமா என்று தெரியாது. இதுவும் உங்க அக்கா எழுதினதுதான் தம்பி என்றார்.

போனை எடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளும் எடுத்தாள்.

"மலை?"

"ஆஸ்பத்திரியில இருக்காரு. நல்லா இருக்காரு" என்றேன்.

முதல் வார்த்தையிலேயே பிடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கையுறையை மாற்றினேன் என்று ஒருவன் சொன்னால் அவன் விரல் நுனியைப் பார்த்தே பொய் என்று சொல்கிறவள். அன்றைக்குக் கண்ணை மூடிக் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தாள். "நீ சொன்னா சரிதான். உனக்குப் பொய் சொல்ல வராது" என்றாள். நம்பாமல் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மலையை நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றினேன். உட்கார வைத்தேன், நடக்க வைத்தேன். நெஞ்சு வலிக்குதான்னு கேளு, ரொம்ப அழுத்திட்டேன் என்றாள். வலிக்கலையாம், உன்னைத்தான் விசாரிச்சாரு என்றேன். அவரை எடுத்துப்போன அன்று நானும் தோள் கொடுத்தேன். அவர் மனைவி அழுகைக்கு நடுவே, தங்கச்சிக்கு ஒண்ணும் இல்லையே என்று கேட்டார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, திரும்ப ஆய்வகத்துக்குப் போய்ப் போனை எடுத்து, அக்காவிடம் மலை இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார் என்றேன். ஒத்திகை ராணியின் தம்பிதானே, பழகப் பழக வந்துவிட்டது. அந்த இரண்டு வாரமும் அடைபட்டுக் கிடந்தது அவளா நானா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. மறுநாள் காலையில் கதவைத் திறந்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே அவளைப் பார்க்கப் போனேன். தலை வாரி, துணிகளை மடித்து வைத்திருந்தாள். முதல் வேலையாக மலை வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். அவர் மனைவி நாலு திட்டு திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், இனிமேல் அவரை நடிக்கவே விடமாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று சிரித்தாள். நீயும் கூட வா என்றாள்.

காலையில் அவளை அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த என்னால் முடியாது.

"அக்கா" என்றேன். அந்தக் கட்டிடத்துக்குள் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் சிரிப்பு நின்றது. "மலை அன்னைக்கே போயிட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே."

போனைக் காதிலேயே வைத்திருந்தாள். என் வாயை, என் கண்ணை, என் கையை மாறி மாறிப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு பொய் கிடைக்குமா என்று தேடினாள்.

"டேய், இது ஒத்திகைதானே?"

"இல்லக்கா."

"என்னைச் சோதிக்கிறே. நான் பண்ணினதுக்குப் பதிலுக்குப் பண்றே. பரவாயில்ல, எனக்குக் கோபம் இல்ல."

இல்லை என்று தலையை ஆட்டினேன். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். தனக்கென்று யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்காதவள் அவள்.

"ஒத்திகைன்னு சொல்லுடா" என்றாள்.